ஐடிஐ-ல சேக்கலாங்களா? நீலகிரிப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாவது ரிசல்ட் வரும் மே மாதத்தில் தொடங்கி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் என்று எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே கேள்விகள்தான் வரிசையில் நிற்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. ஐடிஐ, பாலிடெக்னிக் ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. ஐடிஐ என்பது தொழிற்பயிற்சி நிலையம். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் என்று ஒரே ஒரு தொழிலைக் கையில் ஏற்றிவிடும் இடம். அந்தத் தொழிலைத்தான் டிரேடு என்கிறார்கள். சில டிரேடு ஓராண்டு, சில இரண்டாண்டு. நேரத்தில் பெரும்பகுதி பட்டறையில் போகும். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். செய்முறையில் 60 விழுக்காடும் எழுத்தில் 33 விழுக்காடும் வேண்டும். எதற்கு மதிப்பு அதிகம் என்பது அந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

பாலிடெக்னிக் மூன்றாண்டு டிப்ளமா. கணக்கும் இயற்பியலும் வரைபடமும் கூடுதல், பட்டறை குறைவு. நம் மாவட்டத்தில் ஊட்டியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அரசு ஐடிஐ குன்னூரிலும் கூடலூரிலும் இருக்கிறது.

2. மார்க் கம்மியான பசங்கதானே ஐடிஐ போவாங்க? எம் பொண்ணு 400-க்கு மேல வாங்கியிருக்கா.

400-க்கு மேல் வாங்கிய பெண் விண்ணப்பித்தால் அவளுக்கு ஒரு வசதி: மதிப்பெண் வரிசையில் இடம் கொடுப்பதால், கேட்ட டிரேடு கேட்ட இடத்தில் கிடைக்கும். கடைசியில் வருபவருக்கு மிஞ்சியதுதான்.

இன்னொன்று. ரயில்வே அப்ரண்டிஸ் (வேலையிடத்திலேயே தரும் பயிற்சி, 11-ஆம் கேள்வி) போன்ற இடங்களுக்குத் தேர்வு எழுதவே தேவையில்லை. பத்தாவது மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் சராசரி எடுத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். பத்தாவதில் பொதுவாக 50 விழுக்காடு கேட்பார்கள். ஆகவே "ஐடிஐ தானே, பத்தாவது பாஸ் ஆனால் போதும்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த மதிப்பெண் ஐந்து வருஷம் கழித்தும் கூடவே வரும்.

3. எப்ப அப்ளை பண்றது, எவ்வளவு செலவாகும்?

பத்தாவது முடிவு வந்ததும் மாநில வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், புகைப்படம் போதும். சாதிச் சான்றில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று ஏப்ரலிலேயே பார்த்துவிடுங்கள்; கடைசி நாளில் மாட்டுவது பெரும்பாலும் இன்ஷியலில்தான். ஐடிஐ-க்குள்ளேயே உதவி மையம் வைத்திருப்பார்கள், அங்கே போய்ச் செய்தால் பிழை குறையும். கலந்தாய்வு முடிந்த பிறகு காலியிடத்துக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். தவறவிட்டவர்கள் அதைப் பிடிக்கலாம்.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, மூடுகாலணி, பாடநூல், வரைபடக் கருவி, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் அரசு தரும். (குன்னூர் ஏற்றத்தில் சைக்கிளை என்ன செய்வது என்று எங்களைக் கேட்காதீர்கள்.) அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இரண்டுமே ஐடிஐ-க்கும் உண்டு. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வரை. பெண்களுக்கு மேல் வரம்பு இல்லை, அம்மாவும் சேரலாம்.

4. எந்த டிரேடு எடுக்கிறதுங்க? எல்லாரும் எலக்ட்ரீசியன் எடுக்கச் சொல்றாங்க.

எல்லோரும் சொல்வதால்தான் அந்த வரிசை நீளம். எலக்ட்ரீசியன் நல்ல டிரேடுதான்: சொந்தமாகவும் செய்யலாம், ஆலையிலும் செய்யலாம். ஆனால் உயரத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கும், நிறக்குருடு உள்ள பிள்ளைக்கும் அது ஒத்துவராது. சேரும் முன் ஒரு கண் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியவில்லை என்பது பல பையன்களுக்கு ரயில்வே மருத்துவப் பரிசோதனையில்தான் முதல்முறை தெரியவருகிறது.

எங்கள் கணக்கு இப்படி. பொறுமையாக ஒரே வேலையை நுணுக்கிச் செய்கிற பிள்ளைக்கு ஃபிட்டர், மெஷினிஸ்ட், டர்னர். இம்மூன்றும் இரண்டாண்டு, பத்தாவது வேண்டும். எதையாவது கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு மோட்டார் மெக்கானிக் அல்லது குளிர்பதன டெக்னீசியன். கழற்ற மட்டும் தெரிந்தால் இன்னும் ஒரு வருஷம் யோசிக்கலாம். எட்டாவதோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு வெல்டர், பிளம்பர் ஓராண்டிலும், வயர்மேன் இரண்டாண்டிலும் உண்டு. ஃபிட்டர் படித்தவர் மெஷினுக்கும் பராமரிப்புக்கும் அசெம்ப்ளிக்கும் எளிதாக மாறிக்கொள்வார். ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லையென்றால் ஃபிட்டரில் போடுங்கள்.

புதியவையும் வந்திருக்கின்றன. 2022-ல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் மாற்றியமைக்கத் தொடங்கியது. அந்த நிலையங்களில் உயர்நிலை சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்), தொழில்துறை ரோபோட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் போன்ற டிரேடுகள் நடக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காமல் 13-ஆம் கேள்வியில் உள்ளபடி மெஷினை நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

5. ஃபிட்டர்னா நாள் பூரா அரம் போட்டுத் தேய்க்கிறதுதானா? அண்ணன் அப்படித்தான் சொல்றான்.

முதல் சில வாரங்களுக்கு அண்ணன் சொல்வது சரி. ஒரு மைல்ட் ஸ்டீல் பட்டையை வைஸ் என்கிற பிடிகருவியில் பிடித்து, நான்கு ஓரமும் மட்டமாக, ஒன்றுக்கொன்று செங்கோணமாக ராவ வேண்டும். வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். குள்ளமான பையன் காலடியில் பலகை போட்டுக்கொள்ளாவிட்டால் தோள் வலிக்கும், வேலையும் கோணும். அரம் முன்னே போகையில் இரண்டு கையின் அழுத்தமும் மாறிமாறிச் சமன் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அரம் ஊசலாடி நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் வரும். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக்கீற்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கீற்று மறையும்வரை ராவிய கைக்கு, பிறகு எந்த மெஷினில் எது கோணினாலும் தெரியும். அதற்குத்தான் அரம்.

அடுத்து அளவு. வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரில் 0.01 வரை படிக்கக் கற்பார்கள். வரைபடத்தில் 25 எச்7/ஜி6 என்று இருந்தால் துளை 25.000-லிருந்து 25.021 வரை இருக்கலாம். அதில் வழுக்கிப் போக வேண்டிய தண்டு 24.980-லிருந்து 24.993 வரை இருக்கலாம். தண்டுக்குக் கிடைத்த இடம் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெஷினிலிருந்து எடுத்த சூட்டிலேயே, 45 டிகிரியில், அளந்தால் 25 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு சுமார் 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அனுமதித்த இடத்தில் பாதி சூட்டிலேயே போய்விடும். உலகம் முழுக்க அளவுகளுக்கு 20 டிகிரியை அடிப்படையாக வைத்திருப்பது இதனால்தான். ஊட்டியில் நல்ல நாளில் அது இயற்கையாகவே கிடைக்கிறது. கோவையில் அதற்கு ஏசி போட்டிருக்கிறார்கள்.

மலைக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் சாயங்காலம் பளபளவென்று வைத்துவிட்டுப் போன ஜாப் (செய்துகொண்டிருக்கும் உலோகத் துண்டு) காலையில் செந்நிறமாக இருக்கும். வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைத்து, ஜாபுக்கும் அளவுக் கருவிக்கும் மெல்லிய எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வர வேண்டும்.

6. இப்பத்தான் எல்லாம் சிஎன்சி ஆச்சே. பட்டனை அமுக்குனா மிஷினே செஞ்சிடுது, ஆளுக்கு என்ன வேலை?

பட்டன் அமுக்குபவருக்குப் பட்டன் அமுக்கும் சம்பளம்தான். அவரை ஆபரேட்டர் என்பார்கள். அடுத்த படி செட்டர்: ஜாபைச் சக் என்கிற சுழலும் பிடியில் மாட்டுவது, வெட்டும் டூலைப் பொருத்துவது, ஒவ்வொரு டூலின் நீளத்தையும் மெஷினுக்குச் சொல்வது, முதல் பீஸை வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது, அளந்து திருத்துவது. அதற்கும் மேல் புரோகிராமர். மூவரும் ஒரே மெஷின் முன்னால்தான் நிற்கிறார்கள், ஆனால் மூன்று தனித்தனி வேலை.

செட்டரின் திருத்தம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். விட்டம் 25.00 வர வேண்டும், 25.03 வந்திருக்கிறது. எக்ஸ் அச்சின் தேய்மான ஆஃப்செட் என்கிற திருத்த எண்ணில் மைனஸ் 0.03 கொடுக்க வேண்டும். அவசரத்தில் பிளஸ் போட்டால் அடுத்த பீஸ் 25.06. இது சின்னத் தப்பு, பீஸோடு போகும். பெரிய தப்பு ஒரு புள்ளியில் வரும். பல ஃபானக் கட்டுப்பாடுகளில் (மெஷினை ஓட்டும் கணினி) எக்ஸ்50 என்று எழுதி அதன்பின் புள்ளி வைக்க மறந்தால், மெஷின் அதை 0.050 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். அந்த வரியில் ஜி00 என்கிற வேக நகர்வு இருந்தால் டூல் முழு வேகத்தில் ஜாபின் நடுவுக்கே பாயும். டூல் உடைவதோடு நின்றால் அதிர்ஷ்டம்; சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங் போனால் மெஷின் நாள்கணக்கில் நிற்கும்.

வேகத்தைக் கணக்கிடவும் ஆள்தான். 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பியை அதிவேக எஃகு டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்டினால் நிமிடத்துக்கு சுமார் 380 சுற்று. கார்பைடு டூலால் 180 மீட்டரில் வெட்டினால் சுமார் 2,290 சுற்று. பழைய லேத்தில் இந்தக் கணக்கையும் சில்லு போகிற நிறத்தையும் பார்த்துப் பழகிய பிள்ளை சிஎன்சி-யில் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைச் சொல்லிவிடும். நேராக சிஎன்சி-யில் தொடங்கியவருக்கு இது வர நாளாகிறது.

7. வெல்டிங்கு கண்ணைக் கெடுத்துடும்னு வீட்ல விட மாட்டேங்கறாங்க.

கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கெடுக்கும். வில்லொளியில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியை மூடிய மேல்தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது, ராத்திரி படுத்த பிறகு மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். 3.15 மில்லிமீட்டர் ராடை 90 முதல் 130 ஆம்பியரில் எரிக்கும் வேலைக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி போதும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே கண்ணாடி வேண்டும். அடிபடுவது பெரும்பாலும் அவர்தான். சுட்டுவிட்டால் கண் மருத்துவர். உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். ஊட்டிக் கிழங்கைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். பனியிலும் மழையிலும் ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பற்றவைக்கும்போது படபடவென்று சிதறும், பற்றில் ஊசித்துளைகள் விழும். சாதாரண 6013 ராடை மூடிய தகர டப்பாவில் வைத்து, எரிக்கும் முன் மிதமாகக் காயவைத்தால் சரியாகும். கனரக வேலைக்கான 7018 ராடு அப்படியில்லை: அதை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பில் வறுத்துத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ரஜன் உள்ளே போய், பற்று ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, விரிசல் விடும்.

8. மிஷின்ல கை மாட்டிக்கிட்டா?

நியாயமான பயம், அதைப் போக்கவே வேண்டாம். சுழலும் மெஷினில் கையுறை கூடாது, தொங்கும் எதுவும் கூடாது. சமவெளிப் பிள்ளைக்குச் சட்டைக் கையோடு முடிந்தது. நம் பிள்ளை ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளிக் குல்லாயோடு காலை எட்டரைக்குப் பட்டறைக்குள் வருகிறது. குளிருக்கு உள்ளே இறுக்கமான பனியன் போட்டு, மேலே பட்டறை உடையைப் பொத்தானிட்டுப் போட வேண்டும். மஃப்ளர் வாசலிலேயே நிற்கட்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு மெஷினைப் போடுவது இன்னொரு பழைய விபத்து. சாவியைவிட்டுக் கையை எடுக்கும்போதே சாவியும் கையோடு வர வேண்டும் என்பது விதி.

9. பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சரிப்படுங்களா?

5, 6-ஆம் பதில்களை மறுபடி பாருங்கள். அதில் எங்கே பலம் கேட்டிருக்கிறது? சிஎன்சி, தர ஆய்வு, எலக்ட்ரானிக்ஸ், வரைவாளர் வேலைகளில் கைநுணுக்கமும் கவனமும்தான் சரக்கு. கனமான சக்கைத் தூக்க ஆணுக்கும் ஹாய்ஸ்ட் என்கிற தூக்கு மெஷின்தான்.

கேட்க வேண்டியது வேறு. ஆலையில் பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி வீட்டு வாசல்வரை வருமா, விடுதி யார் பொறுப்பில், உடைமாற்றும் அறை தனியா, உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள். இவற்றை வேலையில் சேரும் நாளில் கேட்டால் சங்கடம். வளாகத் தேர்வுக்கு வரும் மனிதவள ஆளிடமே, பெற்றோர் முன்னிலையில் கேட்டுவிடுங்கள்.

10. மலையிலயே வேலை கெடைக்குமா, இல்ல கீழ எறங்கித்தான் ஆகணுமா?

இரண்டும் உண்டு. பலருக்குச் சரிவருவது இரண்டு மூன்று வருஷம் கீழே கற்றுக்கொண்டு, பிறகு வேண்டுமானால் மேலே வருவது.

மலையில் இருப்பது என்னவென்று பட்டியல் போட்டால் நம்மவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா முதல் மாயாறு, குந்தா வரை நீர்மின் நிலையங்கள்; குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் கட்டுமானத்தில் இருக்கிறது. குன்னூரில் மலை ரயிலின் எஞ்சின் பணிமனை. அங்குள்ள எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தையும் இன்னொரு ஜோடி பல்சக்கரத்தையும் ஓட்டுகிறது. 12.5 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் அதை ஓடவைக்கத் தெரிந்த ஃபிட்டர் கை உலகத்திலேயே கொஞ்சம்தான். அந்த வகையில் புது எஞ்சின்களைச் செய்ததும் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்களே. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த மலை முழுவதற்கும் அரிவாளும் கோடாலியும் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர் பழங்குடியினர். பட்டறை இங்கே இறக்குமதிச் சரக்கு இல்லை.

ஆனால் எண்ணிக்கையில் பரவலாக இருப்பது தேயிலை ஃபேக்டரிதான். இண்ட்கோசர்வ் கூட்டுறவின் 16 ஃபேக்டரிகளும் தனியார் ஃபேக்டரிகளும் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் வாட்டும் தொட்டி மின்விசிறி, சிடிசி, உலர்த்தி, சலிக்கும் மெஷின் என்று ஓடுகின்றன. சிடிசி-யில் இரண்டு பல் ரோலர்கள் எதிரெதிரே சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கி, கிழிந்து, சுருளும். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் அரைபடும், சூடேறும், தூளில் நார் கூடும், ஏலத்தில் விலை விழும். அப்போது ரோலரைக் கழற்றி, மில்லிங்கில் சாய்ந்த பள்ளமும் சேசிங்கில் வட்டப் பள்ளமும் மறுபடி வெட்ட வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு ரோலரும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் வெட்டும். டர்னரும் ஃபிட்டரும் சேர்ந்து செய்யும் வேலை இது. நன்றாகத் தெரிந்த ஆளை ஒரு ஃபேக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு ஜீப் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

11. படிச்சு முடிச்சும் அப்ரண்டிஸ்னு ஒரு வருஷம் கம்மிக் காசுக்கு ஏன் போகணும்? நேரா வேலைக்குப் போனா என்ன?

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் செய்யும் பயிற்சி அது. 2019-ல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்தவருக்கு முதலாண்டில் மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000 என்று வைத்தார்கள். இரண்டாமாண்டு பத்து விழுக்காடு கூடும். அது அந்த விதியின் அடித்தட்டு, நல்ல ஆலைகள் கூடுதலாகவே தருகின்றன. சேரும்போது ஒப்பந்தத்தில் எழுதிய தொகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காசைவிடப் பெரியது கடைசியில் கிடைக்கும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். ரயில்வேயின் அடிநிலைப் பணிகளில் 20 விழுக்காடு, ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு. நமக்குப் பக்கத்தில் போத்தனூர் சிக்னல் பணிமனை, அதைவிட்டால் பொன்மலை, பெரம்பூர். அப்ரண்டிஸ் முடித்தால் அதே இடத்தில் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. "முடிச்சா பர்மனென்ட்" என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

12. ஊட்டியில ஃபிலிம் கம்பெனி மூடுனப்ப எத்தனை குடும்பம் தவிச்சுது. இதுவும் அப்படி ஆனா?

இந்துநகர் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிமே வேண்டாததாகிவிட்டது. அந்த நினைவுள்ள தாத்தா பாட்டி பயப்படுவதில் தப்பில்லை. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: போனது பொருள். ஃபிலிம் பூசும் வேலை மட்டும் தெரிந்தவருக்கு வெளியே அந்த வேலை இல்லை. பம்ப்பும் கம்ப்ரசரும் மின்மோட்டாரும் பார்க்கத் தெரிந்தவருக்கு இருந்தது.

இன்றைக்கும் அதே கணக்குத்தான். ஒரே ஆலையின் ஒரே மெஷினில் மூன்று வருஷம் ஒரே பட்டனை அமுக்கினால் 6-ஆம் கேள்வியில் சொன்ன ஆபரேட்டராகவே நின்றுவிடுவீர்கள். வருஷத்துக்கு ஒரு புது வேலையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்: வேறு கட்டுப்பாடு, வேறு உலோகம், அளவுக் கருவிச் சரிபார்ப்பு, பராமரிப்பு.

13. தனியார்ல ஆறு மாசக் கோர்ஸ், உடனே வேலைன்னு நோட்டீஸ் குடுத்தாங்க. நம்பலாமா?

தொழிற்பயிற்சிக்கான மத்திய அரசின் இணைப்பு அந்த நிலையத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் டிரேடுக்கும் இருக்க வேண்டும். அரசின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இணைப்பு இல்லாத கோர்ஸில் தரும் "டிப்ளமா" தாள் ரயில்வேக்கும் மின்வாரியத்துக்கும் செல்லாது, மேற்படிப்புக்கும் செல்லாது.

இணைப்பு இருந்தாலும் ஒருநாள் நேரில் போங்கள், வேலைநாளில். மெஷின் எத்தனை என்று கேட்காதீர்கள். ஓடுவது எத்தனை, ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அதில் கை வைக்கக் கிடைக்கும் என்று கேளுங்கள். லேத்துக்குக் கீழே தட்டில் புதுச் சில்லு கிடக்கிறதா? எண்ணெய் வாசம் வருகிறதா? துணி போர்த்திய மெஷின் பளபளவென்று இருந்தால் அதை யாரும் தொடுவதில்லை என்று அர்த்தம்.

14. இதுக்கு அப்புறம் மேல படிக்கவே முடியாதுங்களா?

முடியும். பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு. டிப்ளமா முடித்தால் பி.இ.-யில் நேரடியாக இரண்டாமாண்டு. தமிழ், ஆங்கிலம் மொழித்தேர்வு எழுதித் தேறினால், எட்டாவது முடித்து இரண்டாண்டு ஐடிஐ படித்தவர் பத்தாவதுக்கும், பத்தாவது முடித்து இரண்டாண்டு படித்தவர் பன்னிரண்டாவதுக்கும் இணையான சான்று வாங்கலாம். பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள். கற்றுக்கொடுக்க ஆசையிருந்தால் பயிற்றுநர் பயிற்சி ஓராண்டு. ஐடிஐ பயிற்றுநர் வேலைக்கு அது வேண்டும்.

15. வெளிநாட்டு வெல்டர் வேலைக்கு ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேக்கறாரு.

கொடுக்காதீர்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி-யும்தான். அவர் பதிவு எண்ணை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். வெல்டரிடம் வெளிநாட்டில் கேட்பது பெரும்பாலும் 6ஜி தேர்வு: 45 டிகிரி சாய்த்துப் பொருத்திய குழாயை அசைக்காமல் சுற்றிப் பற்றவைப்பது. அது வராமல் விமானம் ஏறினால் உதவியாளராகத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

16. பையன் கோயமுத்தூர்ல சேந்து பதினஞ்சு நாள்ல ஓடி வந்துட்டான். வேலை பிடிக்கலையாம்.

பெரும்பாலும் வேலை பிடிக்காமல் இல்லை. வெயில், ஒரே அறையில் ஆறு பேர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், புளிப்பான சாப்பாடு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தாங்கும். முதல் மாதத்துக்கு ஊர்க்காரப் பையன் இருக்கும் அறையாகப் பாருங்கள். முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பலர் திரும்புவது இருபதாம் தேதி வாக்கில், காசு தீர்ந்து, கேட்க வெட்கப்பட்டு. ஏப்ரல் மே-யில் சேர்க்காமல் ஜூலையில் சேர்த்தால் வெயிலும் பாதி குறையும். ஓடி வந்தவனைத் திட்டாமல் ஒரு வாரம் விட்டு, ஆலைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஆள் தட்டுப்பாட்டில் பெரும்பாலும் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் அசலை ஆலையில் வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.

17. நாங்க ஹைஸ்கூல் டீச்சருங்க. பசங்களுக்கு எப்படி ஆர்வம் வரவைக்கிறது? பேச்சுக்குக் கூப்பிட்டா தூங்கறாங்க.

பேச்சு வேண்டாம், கையில் கொடுங்கள். ஒரு வெர்னியர் காலிபர், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட், நட்டு. ஒரே வாஷரின் தடிமனை ஐந்து பேரைத் தனித்தனியாக அளக்கச் சொல்லித் தாளில் மறைத்து எழுதச் சொல்லுங்கள். ஐந்தும் வேறாக வரும், சண்டை வரும், அங்கே பாடம் தொடங்கிவிடும். போல்ட்டின் பத்து மரையை அளந்தால் 15 மில்லிமீட்டர், ஆக ஒரு மரைக்கு 1.5. அந்த நட்டுக்கு மரை வெட்ட எத்தனை மில்லிமீட்டர் துளை போட வேண்டும் என்று கேளுங்கள். பத்து என்பார்கள். பத்திலிருந்து 1.5-ஐக் கழித்தால் 8.5.

பிறகு பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிக்குக் கூட்டிப்போங்கள், ஆனால் மேலாளரிடம் ரோலர் மாற்றும் நாளைக் கேட்டுக்கொண்டு, இருபது பேருக்கு மேல் இல்லாமல். மெஷின் ஓடும்போது பார்த்தால் சத்தம்தான் கேட்கும். கழற்றி மரக்கட்டைமேல் வைத்த பழைய ரோலரையும், தீட்டி வந்த ரோலரையும் அடுத்தடுத்து வைத்து விரலால் தடவிப் பார்க்க விடுங்கள். புதியதைத் தடவும்போது மெதுவாக, பல் போகிற திசையில்.